மெயில் ஐடி என்று கேட்டால் யாருடையதைக் கொடுப்பது?

கேள்வி கேட்டவர் காரிமங்கலம் பக்கத்து ஊர்க்காரர். மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூர் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறான். கம்ப்யூட்டர் சென்டரில் பதிவு செய்யும்போது இமெயில் என்று ஒரு கட்டம் வந்திருக்கிறது. பையனுக்கு மெயில் இல்லை என்றதும் சென்டர்காரர் தன்னுடையதையே அடித்துவிட்டார். "இமெயில் என்றால் சரியாக என்ன? ஜிமெயிலும் அதுவும் ஒன்றா? வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?" என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். மின்னஞ்சல் என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அவர் தெரிந்துகொள்ள நினைப்பது அதுவல்ல. அந்தக் கட்டத்தில் இன்னொருவர் மெயில் இருந்தால் என் பையனுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. ஆகும், ஐயா. எப்படி ஆகும், இப்போது என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். பாலக்கோட்டில் பல வருஷமாக இதே மாதிரி ஒரு சென்டர் நடத்துகிறேன். டிஎன்பிஎஸ்சி, நீட், ஸ்காலர்ஷிப், பாஸ்போர்ட் என்று நாள் முழுக்க விண்ணப்பம் நிரப்புவதுதான் வேலை. எங்கள் பக்கத்தில் மெயில் என்ற ஒரே சொல்லை மூன்று பொருளுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். "உங்க மெயில் சொல்லுங்க" என்றால் முகவரி. "மெயில் வந்துச்சா" என்றால் கடிதம். "மெயில் ஓப்பன் ஆக மாட்டேங்குது" என்றால் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகும் கணக்கு. பேச்சில் இதனால் ஒரு குறையும் இல்லை. விண்ணப்பத்தில்தான் சிக்கல். முகவரியை மட்டும்தான் கொடுக்கிறோம் என்று நினைப்போம். ஆனால் அந்த முகவரிக்கு வரும் கடிதங்களையும், அவற்றைத் திறந்து பார்க்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். உங்கள் மகன் விஷயத்தில் இவை எல்லாமே சென்டர்காரரிடம் போயிருக்கின்றன. அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் நிற்கும்போது வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

மெயில் முகவரியில் நடுவே @ என்ற குறி இருக்கும். அதற்கு இடப்பக்கம் இருப்பது ஆள், வலப்பக்கம் இருப்பது அந்த ஆளுக்கான கடிதங்களை வாங்கி வைக்கும் இடம். 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வேறொரு கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும் வழியைச் செய்தபோது, ஆளையும் இயந்திரத்தையும் பிரித்துக் காட்ட இந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. நீங்கள் அனுப்பு என்று தொட்டதும் உங்கள் பக்கத்து சர்வர், அதாவது கடிதங்களை வாங்கி அனுப்பும் கம்ப்யூட்டர், வலப்பக்கப் பெயரைப் பார்க்கும். அந்தப் பெயருக்கான கடிதங்களை எந்த சர்வர் வாங்குகிறது என்று இணையத்தின் பெயர்ப் பட்டியலில் தேடி, அதனிடம் ஒப்படைக்கும். அந்த சர்வர் இடப்பக்கப் பெயரைப் பார்த்து உரியவர் கணக்கில் போட்டு வைக்கும். கடிதம் வரும்போது உங்கள் போன் அணைந்து கிடந்தாலும் பாதகமில்லை. கடிதம் காத்திருக்கும்.

அடுத்தது ஜிமெயில். இமெயில் என்பது முறை, ஜிமெயில் என்பது அந்த முறையில் கூகுள் நடத்தும் சேவை. யாஹூ, ரெடிஃப்மெயில், மைக்ரோசாஃப்டின் அவுட்லுக், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மெயில் எல்லாம் அதே முறையில் நடக்கும் வேறு சேவைகள். ஓசூர் கம்பெனியில் வேலை செய்பவருக்குக் கம்பெனி பெயரிலேயே முகவரி இருக்கும், கலெக்டர் ஆபீசுக்கு அரசின் பெயரில் இருக்கும். இதில் எதிலிருந்தும் எதற்கும் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் இருப்பவர் டெலிகிராமில் இருப்பவருக்கு அப்படி நேராக அனுப்ப முடியாது. மெயிலுக்கு இந்தத் தன்மை இருப்பதால்தான் அரசும் கம்பெனிகளும் கோர்ட்டுகளும் இன்னமும் அதைக் கேட்கின்றன. எங்கள் பக்கத்தில் ஜிமெயில்தான் இமெயில் என்று ஆகிவிட்டதற்குக் காரணம் உண்டு. 1996-ல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தும் இலவசமாக மெயில் பார்க்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஒரு ஜிபி இடம் தருகிறோம் என்று ஜிமெயிலை அறிவித்தது. பிறகு ஆண்ட்ராய்டு போன் வந்தது, கூகுள் கணக்கு வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பேசிக்கொள்ள வாட்ஸ்அப் போதும். ஆனால் வாட்ஸ்அப் போன் நம்பரின் மேல் நிற்கிறது, எங்கள் பிள்ளைகளின் நம்பர் நிலையாக நிற்பதில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ கம்பெனிக்கோ போகிறவன் அங்கே கர்நாடகா சிம் வாங்குகிறான். ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் போடுவதில்லை, அது கட்டாகிவிடுகிறது. கட்டான நம்பரைக் குறைந்தது 90 நாள் வைத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் நம் நாட்டு நடைமுறை. அதற்குப் பிறகு பழைய நம்பருக்கு வரும் ஓடிபி யாரோ ஒருவர் கைக்குப் போகும். ஜிமெயிலில் அப்படி இல்லை. ஒருவர் வைத்திருந்த முகவரியை, அவர் கணக்கை அழித்துவிட்டாலும், கூகுள் இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. போன் மாறலாம், சிம் மாறலாம், ஊர் மாறலாம், முகவரி அப்படியே இருக்கும். வேலைக்காக இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மையமான விஷயம். சென்டர்காரர் மெயில் இருந்தால் என்ன ஆகும்? முதலில், தகவல் அங்கே போகும். நேர்முகத் தேர்வுக்கு எந்தத் தேதி வர வேண்டும், எந்தச் சான்றிதழ் விடுபட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர் இன்பாக்ஸில் நூற்றுக்கணக்கான பேருடைய கடிதங்களுக்கு நடுவில் விழும். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். வேறொரு சென்டரில் விண்ணப்பித்திருந்தாள். இரண்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை என்றாள். அந்தத் தளத்தில் அவள் விவரத்தைத் திறந்து பார்த்தால் மெயில் முகவரி அந்த சென்டருடையது. அங்கே போய்க் கேட்கச் சொன்னேன். கடிதம் வந்திருந்தது, வேண்டாத கடிதங்கள் ஒதுங்கும் ஸ்பேமில் கிடந்தது, வரச்சொன்ன தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் அந்தக் கம்பெனிக்கு இரண்டாவது தடவை எழுதிப் பார்த்தாள், பதில் இல்லை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இரண்டாவது, பாஸ்வேர்டு. நீங்கள் பதிவு செய்த எந்தத் தளத்திலும் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால், புதிய பாஸ்வேர்டு போடும் வழி பெரும்பாலும் அந்த மெயிலுக்குத்தான் போகும். ஆக, மெயில் யாரிடம் இருக்கிறதோ அவர் நினைத்தால் உங்கள் பையனின் விண்ணப்பத்துக்குள் போக முடியும். பையன் நினைத்தால் போக முடியாமலும் ஆகும். அனுமதியில்லாமல் இன்னொருவர் பாஸ்வேர்டை ஏமாற்றும் நோக்கத்தோடு பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. ஆனால் சட்டம் இருக்கிறது என்பதற்காக நாமே கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. அதே 2000-ம் ஆண்டுச் சட்டத்தின் 13-வது பிரிவு, மின்னணுக் கடிதம் எப்போது ஒருவருக்குக் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று சொல்கிறது. இன்ன இடத்துக்கு அனுப்புங்கள் என்று பெறுபவரே குறிப்பிட்டுக் கொடுத்திருந்தால், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, கடிதம் அங்கே நுழைந்த நேரமே கிடைத்த நேரம். படித்த நேரம் கணக்கில்லை. "நான் பார்க்கவே இல்லை, அது சென்டர் மெயில்" என்று பிறகு சொல்வது பலவீனமான வாதம். கம்பெனியோடு செய்த ஒப்பந்தம், அந்தந்தத் தேர்வு வாரியத்தின் விதி இவற்றைப் பொறுத்து ஒவ்வொரு வழக்கிலும் முடிவு மாறலாம். அதை வக்கீல்தான் தாள்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நான் சொல்வது சரியாகாது. ஆனால் கொடுக்கும் முகவரிக்குச் சட்டத்தில் இவ்வளவு எடை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

பையனுக்கு மெயில் இல்லை என்றீர்களே, அதைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். அவனிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் மெயில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ப்ளே ஸ்டோரைத் திறந்தால் வலது மேல் மூலையில் ஒரு வட்டம், அதில் ஒரு எழுத்தோ படமோ தெரியும். அதைத் தொட்டால் ஒரு முகவரி வரும். போன் வாங்கிய கடையில் பையனின் பெயரையும் வாயில் வந்த எண்களையும் போட்டு ஆரம்பித்துக் கொடுத்திருப்பார்கள். பாஸ்வேர்டு என்னவென்று கடைக்காரருக்கும் நினைவிருக்காது, பையனுக்கும் தெரியாது. அடுத்த போன் வாங்கும்போது இன்னொரு கடை, இன்னொரு கணக்கு. பழைய போனோடு நம்பர்களும் போட்டோக்களும் போய்விட்டன என்று அழுதுகொண்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான். கணக்கில் சேமிப்பாகியிருந்தால் அவை எங்கும் போயிருக்காது, பாஸ்வேர்டு தெரியாத அந்தக் கணக்குக்குள் இருக்கும். போன் இன்னும் கையில் இருந்து, கணக்கும் அதில் திறந்திருந்தால், பாஸ்வேர்டை மாற்ற முயற்சி செய்யலாம், பல நேரம் முடியும். போனும் போய், மீட்பு நம்பரும் (பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெறக் கொடுத்து வைத்த போன் நம்பர்) மாறியிருந்தால் கூகுளின் மீட்புப் பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

அந்த முகவரி வேலைக்குக் கொடுக்கிற மாதிரி இல்லையென்றால் புதிதாக ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். அவன் போனில், அவன் கையால் தொடங்க வேண்டும். பெயர், இனிஷியல், தேவையானால் ஓரிரு எண் போதும். மாஸ், கிங் என்றெல்லாம் பெயரோடு சேர்த்து வைத்துவிட்டு, ஹெச்ஆர் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அண்டர்ஸ்கோர், நடுக்கோடு இரண்டையும் ஜிமெயில் ஏற்காது. வேறு சேவையில் தொடங்கினாலும் வேண்டாம், கையால் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். சுழியும் ஓ என்ற எழுத்தும் அப்படித்தான். மீட்பு நம்பராக எப்போதும் ரீசார்ஜ் இருக்கும் ஒரு நம்பரைக் கொடுங்கள், அப்பா அம்மா நம்பராக இருந்தாலும் நல்லதே. பெங்களூர் போய் சிம் மாற்றினால் அன்றைக்கே அந்த நம்பரையும் மாற்ற வேண்டும். பாஸ்வேர்டை வீட்டில் சான்றிதழ் வைக்கும் கவருக்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதி வைக்கவே கூடாது என்பார்கள். எங்கள் ஊர் நிலவரத்தில் திருட்டுப் போவதைவிட மறந்து போவதுதான் அதிகம் நடக்கிறது, அதனால் எழுதி வைக்கத்தான் சொல்வேன். சென்டர் நோட்டில் மட்டும் எழுதாதீர்கள்.

விண்ணப்பத்தில் முகவரி அடிக்கும்போது பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஜிமெயில் என்பதில் ஏயும் எம்மும் இடம் மாறுவதும், காம் என்பதன் கடைசி எழுத்து என் ஆகிவிடுவதும் தினமும் நடக்கும் தவறுகள். ஜிமெயிலில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பொருட்டில்லை. பெயருக்கு நடுவில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதே கணக்குக்குத்தான் போகும். இந்தப் புள்ளிச் சலுகை ஜிமெயிலின் வழக்கம், எல்லா சேவைக்கும் பொருந்தாது. கம்பெனி முகவரிக்கு எழுதும்போது உள்ள புள்ளியை விட்டுவிட்டால் கடிதம் திரும்பி வந்துவிடலாம்.

பழகிக்கொள்ள வேண்டியது இன்னொன்று, ஸ்பேம். வேண்டாதது என்று இயந்திரம் நினைக்கும் கடிதங்கள் அங்கே போகும், 30 நாளில் தானாக அழிந்துவிடும். வேலை தேடும் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து பார்க்க வேண்டும். இன்பாக்ஸில் வந்துவிட்டது என்பதற்காக ஒரு கடிதம் உண்மையானதும் ஆகிவிடாது. இன்லாண்டு லெட்டரின் பின்புறம் அனுப்புநர் கலெக்டர் என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போட்டுவிடலாம் இல்லையா, மெயிலில் தெரியும் பெயரும் அப்படித்தான். பெரிய கம்பெனியின் முத்திரையோடு பணி ஆணை வரும், சீருடைக்கும் பயிற்சிக்கும் முன்பணம் கட்டு என்று ஒரு யுபிஐ நம்பர் இருக்கும். பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டு முழு முகவரியையும் பாருங்கள். கம்பெனி ஆணை என்று சொல்லிக்கொண்டு சாதாரண ஜிமெயிலிலிருந்து வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அரசு முகவரி என்றால் ஜிஓவி டாட் இன் அல்லது நிக் டாட் இன் என்று முடிவதுதான் வழக்கம். முகவரி சரியாகத் தெரிந்தாலும் அது மட்டுமே போதாது, ஒரு எழுத்து மாற்றி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. பணம் கேட்டால் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் நம்பருக்குப் பேசிக் கேட்டுவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், நேரம் கடந்தால் மீட்பது கடினம்.

எழுதும் முறையையும் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். பொருள் என்ற வரியைக் காலியாக விட்டு, சான்றிதழைப் போனில் கோணலாகப் படம் எடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் அனுப்பும் பிள்ளைகள் நிறைய. பொருள் வரியில் எந்த வேலைக்கு என்பதும் பெயரும் இருக்கட்டும். உள்ளே நான்கு வரி போதும், தமிழில் எழுதினாலும் போகும், கம்பெனிக்கு எது புரியுமோ அதில் எழுதலாம். சான்றிதழ்களை ஒரே பிடிஎஃப் ஆக்கி, அந்தக் கோப்புக்குப் பையன் பெயரையே வையுங்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்குள் இருந்தால்தான் இணைப்பாகப் போகும். பதில் வந்தால் புதிதாகத் தொடங்காமல் அதற்கே பதில் எழுதினால் பழைய பேச்சு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். தொடங்கிவிட்டுத் தொடாமலும் விட்டுவிடக் கூடாது. இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்கை அழித்துவிடலாம் என்பது கூகுளின் விதி.

இனி, போட்ட விண்ணப்பத்துக்கு வருவோம். முதலில் பையனுக்குச் சொந்த மெயில் தயாராகட்டும். எந்தெந்தத் தளத்தில் சென்டர் மெயில் கொடுத்திருக்கிறது என்று சென்டர்காரரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கோபப்படாமல் கேட்டால் சொல்லிவிடுவார். இதுவரை வந்திருக்கும் கடிதங்களை, ஸ்பேமில் இருப்பதையும் சேர்த்து, பையன் மெயிலுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு தளத்திலும் உள்ளே போய் சுயவிவரத்தில் முகவரியை மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும். மாற்ற வழியில்லாத இடத்தில், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, இனி இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று கம்பெனிக்குப் பையனே தன் மெயிலிலிருந்து எழுதலாம். முகவரியை மாற்றும்போது பல தளங்கள் பழைய மெயிலுக்கு ஒரு ஓடிபி அனுப்பும், சில நிமிஷம்தான் செல்லும். அதனால் சென்டர்காரர் கடையில் இருக்கும் நேரமாக, கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்துப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.